4173-இல் தொடங்கிய கணக்கு

எங்கள் எண்ணுக்கு அறுநூற்றுப் பதினேழு இலக்கங்கள். சங்குப்பட்டினத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அதன் கடைசி ஆறு இலக்கத்தைச் சொல்வார்கள். மீன் ஏலம் விடுகிறவர் சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார், மாதா கெபி வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மாள் சொல்வாள். மற்ற ஊர்களுக்குத் தேர் இருக்கிறது, தெப்பம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பகு எண் இருந்தது. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு அலட்டலா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அலட்டல்தான். இருபது ஆண்டு அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர்களுக்கு அலட்டிக்கொள்ள உரிமை உண்டு.

என் பெயர் மிக்கேல். அமோனியா ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் அந்த எண்ணுக்குக் காவல் இருந்தேன்.

இருபது ஆண்டுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் ஆலையின் பெரிய தொட்டியிலிருந்து அமோனியா கசிந்தது. தெற்குத் தெருவில் பாதி வீடுகளில் சாவு. வால்வை மூட மறந்தவன் இன்னாசி என்று ஆலை நிர்வாகம் அன்றைக்கே அறிக்கை விட்டது. மூடுவதற்காக உள்ளே ஓடியவன் அவன். நுரையீரல் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன், சாவதற்கு முன் விசாரணைக் கமிஷனிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதற்குச் சாட்சியாக முப்பது தொழிலாளர்கள் ரகசியமாக வாக்குமூலம் கொடுத்தார்கள். அதற்கு முன் பகிரங்கமாகப் பேசிய ஒரே ஆளின் வீடு எரிந்திருந்தது. ஆகவே முப்பது பேரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள்: நாங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இதை யாரும் திறக்கக் கூடாது, நீதிபதியே நினைத்தாலும் திறக்க முடியக் கூடாது. இன்னாசி தன் வாக்குமூலத்தில் அத்தனை பேர் பெயரையும் சொல்லியிருந்ததால் அதையும் சேர்த்தே பூட்ட வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு பூட்டு உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றவர் கணிதப் பேராசிரியர் நல்லபெருமாள். சங்கக் கட்டடத்தில் எங்களை உட்கார வைத்து அவர் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு பெரிய பகா எண்ணை எடுத்துப் பெருக்குதேன். பெருக்குறது லேசு. பெருக்கி வந்ததை மட்டும் பார்த்துட்டு, எந்த ரெண்டைப் பெருக்கினேன்னு கண்டுபிடிக்க உலகத்துல ஆள் கிடையாது. அந்தப் பெரிய எண்ணை ஊர்பூரா ஒட்டலாம், பூட்டின பதிவோட நகலைக்கூட யாருக்கும் கொடுக்கலாம். பயமில்ல."

"சரி சார், சாவி?" என்று கேட்டேன்.

"ஒரு சின்ன எண்ணுல தொடங்கணும். அதை அதாலேயே பெருக்கணும். வந்ததை இந்தப் பெரிய எண்ணால வகுத்து, மீதிய எடுக்கணும். அந்த மீதிய அதாலேயே பெருக்கணும். திரும்ப வகுக்கணும். மிஷின் இப்படியே இருபது வருஷம் ஓடணும். கடைசியா நிக்குற மீதிதான் சாவி."

"பத்து மிஷின் வச்சா ரெண்டு வருஷத்துல முடிச்சிரலாமே."

"மாடிப்படிய பத்து பேராச் சேர்ந்து ஏறினா சீக்கிரம் மேல போயிருவியா மிக்கேல்? ஒரு படி முடிஞ்சாத்தான் அடுத்த படி. வேகமான மிஷின் வரும், அதுக்கும் இடம் விட்டுத்தான் கணக்கு வச்சிருக்கேன்."

"அப்ப பூட்டுறதுக்கு நீங்களும் இருபது வருஷம் உக்காந்திருக்கணுமா?"

அவர் சிரித்தார். "அந்த ரெண்டு பகா எண்ணும் தெரிஞ்சவனுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு நிமிஷத்துல சாவி கையில வந்துரும். நான் பூட்டிட்டு ரெண்டையும் உங்க கண்ணு முன்னாலயே எரிச்சிருவேன். அப்புறம் எனக்கும் ஒண்ணுதான், ஆலைக்கும் ஒண்ணுதான். எல்லாரும் படியேறித்தான் போகணும்."

எந்தச் சின்ன எண்ணில் தொடங்குவது என்ற பேச்சு வந்தது. வழக்கமாக இரண்டில் தொடங்குவார்களாம். அப்போது சுவரோரம் நின்றிருந்த பவுலின் வாயைத் திறந்தாள். இன்னாசியின் தங்கை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"எங்க அண்ணன் டோக்கன் நம்பர்ல தொடங்குங்க சார்."

எங்கள் ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. வேலைக்கு வரும்போது வாசல் பலகையில் மாட்ட வேண்டும். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால் அவர் டோக்கனை எண் தெரியாதபடி திருப்பி மாட்டிவிடுவோம். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க விடமாட்டோம். ஆனால் இன்னாசியின் டோக்கனைத் திருப்பி மாட்ட நிர்வாகம் அனுமதிக்கவில்லை. கவனக்குறைவால் ஊரைக் கொன்றவனுக்கு மரியாதை என்ன என்று பிடுங்கி எறிந்தார்கள். பவுலின் அதைப் பொறுக்கி எடுத்துத் தன் மடியில் முடிந்து வைத்திருந்தாள். 4173.

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "எதுல தொடங்கினாலும் கணக்கு ஒண்ணுதாம்மா. அப்படியே செஞ்சிருவோம்" என்றார்.

எண்கள் எரிந்தன, இயந்திரம் ஓடத் தொடங்கியது. அன்றைக்கே நாங்கள் சங்கக் கொடியைப் பிடித்து ஒரு சத்தியம் செய்துகொண்டோம்: எங்களில் யாரும் இந்த எண்ணை உடைத்து, அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்க முயல மாட்டோம். விளையாட்டுக்குக்கூட. நாம் உடைத்தால் இன்னொருவனும் உடைப்பான், முப்பது குடும்பம் தெருவில் நிற்கும்.

பவுலின் கணிதம் படிக்கக் கிளம்பிவிட்டாள். அவளைப் பார்த்து ஊருக்குள் பேசியதெல்லாம் எழுத்தில் வராது. தெற்குத் தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி கோயில் வாசலில் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பியதை நான் பார்த்தேன். பவுலின் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முழங்கால் போட்டாள். வந்த சம்பந்தங்கள் இரண்டு, 'வால்வுக்காரன் தங்கச்சி' என்று தெரிந்ததும் திரும்பிப் போயின. அவள் கல்லூரி ஆசிரியை ஆனாள். வகுப்பில் ஒரு மாணவன் எங்கள் எண்ணை உடைக்க நிரல் எழுதிப் பார்த்தான் என்று தெரிந்து, வாரக் கணக்கில் அவனை வகுப்புக்குள் விடவில்லை. சத்தியம் அவளைவிட யாருக்கு வலித்திருக்கும்? உடைத்தால் மறுநாளே அவள் அண்ணன் பெயர் துலங்கிவிடும். அவள் உடைக்கப் பார்க்கவில்லை.

காவல் மாறும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு அறைகளில் இரண்டு இயந்திரங்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருக்கும். போகிறவர் ஓர் அறையில் நின்று, அந்த முறைக்குக் குறித்த மீதியின் கடைசி இலக்கங்களை உரக்கச் சொல்வார். வருகிறவர் அடுத்த அறையிலிருந்து தன் திரையைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்வார். ஒத்துப்போனால் 'சரி' என்று தோளில் தட்டிக்கொள்வோம். கல்யாண வீட்டிலிருந்து பட்டு வேட்டியோடு வந்து சொல்லியிருக்கிறோம். புயல் வந்து சங்கக் கட்டடத்தின் ஓடு பறந்தபோது, மீன்பிடி விசைப்படகின் ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மின்சாரம் கொடுத்துவிட்டு, தார்ப்பாய்க்குள் குனிந்து நின்று சொல்லியிருக்கிறோம். ஒரு தடவைகூட மாறிப்போனதில்லை.

இதற்கிடையில் ஆலையின் பொது மேலாளர் கோதண்டம் தொலைக்காட்சியில் ஒரு பேட்டி கொடுத்தார். கணக்கு தொடங்கி ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும். "பாவம், அந்த ஜனங்க ஏமாந்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் பெட்டியைத் திறந்தா ஏழு கேள்விக்குறியும் ஒரு நட்சத்திரமும்தான் வரும். அதுக்கப்புறம் வெறும் கிறுக்கல்" என்று சிரித்தார். நாங்கள் கொதித்துப் போனோம். ஊர்ப் பையன்கள் அவருக்கு 'நட்சத்திரம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் கார் போனால் "ஏல, நட்சத்திரம் போகுது" என்பார்கள். நாளாவட்டத்தில் பெயர் நிலைத்தது, பேட்டி மறந்துபோனது.

சாவி கிடைக்கும் நாள் வந்தது. சங்கக் கட்டடத்துக்குத் தோரணம் கட்டினோம். பேராசிரியர் கைத்தடியோடு வந்தார். கோதண்டமும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகத்தின் ஆலோசகர் அவர்தான். இரண்டு இயந்திரங்களும் நின்றன. இரண்டிலும் ஒரே மீதி. பவுலின் அதைப் பூட்டில் கொடுத்தாள். பெரிய திரையில் எழுத்துகள் வந்தன.

ஏழு கேள்விக்குறி. ஒரு நட்சத்திரம். அதன் பிறகு கட்டமும் கோடுமாகக் கிறுக்கல்.

 பின்னாலிருந்து ஒரு பெண் அழத் தொடங்கினாள். கோதண்டம் எழுந்து மேடைக்கு வந்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நான் யாரையும் குத்திக்காட்ட வரல. இருபது வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கீங்க. எங்கயோ ஒரு இடத்துல கணக்கு பிசகியிருக்கும், மனுஷங்கதானே. பிசகிருச்சுன்னு சங்கம் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டா, செத்தவங்களுக்கு நிர்வாகமே ஒரு நினைவு மண்டபம் கட்டிக் கொடுக்கும். இந்தப் பேச்சை இத்தோட முடிச்சுக்கலாம்."

சிலர் தலையாட்டவே செய்தார்கள். இருபது ஆண்டு ஆளைத் தின்றுவிடும். பவுலின் ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"எங்க கணக்கு தப்பில்ல சார். மண்டபம் வேணாம். நீங்க உக்காருங்க."

நான் என் வாழ்நாளில் கேட்ட நல்ல பேச்சு அதுதான்.

பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் பூட்டு திறக்கவில்லையே. கூட்டம் கலைந்ததும் பேராசிரியரும் பவுலினும் நானும் இயந்திர அறையில் உட்கார்ந்தோம். 

"திரும்ப முதல்லேருந்து ஓட்டிப் பார்க்கணுமோ?" என்றார் பேராசிரியர்.

"இன்னும் இருபது வருஷமா? நம்மள்ல யாரு இருப்பா சார்?" என்றேன்.

பவுலின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்விக்குறிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "மிக்கேலண்ணே, அந்தக் கோதண்டத்துக்கு நட்சத்திரம்னு ஏன் பேரு வந்துச்சு?"

"டிவில உளறினாம்லா. திறந்தா ஏழு கேள்விக்குறியும்..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினேன். 

"ஏழா எப்படித் தெரியும்?" என்றாள் பவுலின். "ஆறுன்னு சொல்லல. எட்டுன்னு சொல்லல. நட்சத்திரம் வரும்னு சரியாச் சொல்லியிருக்காரு. சும்மா வாய்க்கு வந்ததுன்னா இப்படி அமையுமா? நாம இன்னிக்குப் போட்டுப் பார்த்த அதே சாவிய அவரு பதினஞ்சு வருஷத்துக்கு முந்தியே போட்டுப் பார்த்திருக்காரு."

"படியேறாமலா?" என்றேன்.

"குறுக்கு வழில. எண்ணை உடைச்சிருக்காக."

பேராசிரியர் தலையை ஆட்டினார். "இதை உடைக்க முடியாதும்மா. நான் பெருக்கின எண்ணுங்க அவ்வளவு பெருசு."

"பெருசுதான். ரெண்டும் பகா எண்தானா சார்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணுங்களைக் கொடுத்தது கமிஷன் வெளியில வாங்கின ஒரு கருவி. நான் ரெண்டுங்கிற எண்ணை வச்சு ஒரு சோதனை போட்டேன். பகா எண்ணா இருந்தா, ரெண்டு அதுகிட்ட ஒரு மாதிரி நடந்துக்கும். பகு எண்ணா இருந்தா அப்படி நடக்காது. கருவி கொடுத்த ரெண்டு எண்ணும் தேறிச்சு. இன்னும் பத்து எண்ணை வச்சுச் சோதிச்சிருக்கணும். வாசல்ல ஆலை ஆளுங்க கம்போட நிக்காங்க, சீக்கிரம் பூட்டணும்னு..." 

"ரெண்டை மட்டும் ஏமாத்துற பகு எண் உண்டுல்ல சார்?"

"உண்டு. ரொம்ப அபூர்வம். தானா வந்து மாட்டாது. ஆலைக்காக ஒருத்தன் உக்காந்து செஞ்சு அந்தக் கருவிக்குள்ள வச்சாத்தான் உண்டு. சின்னச் சின்னத் துண்டாச் சேர்த்துச் செய்யணும்."

"சின்னத் துண்டுன்னா உடைக்கவும் லேசு" என்றாள் பவுலின்.

மூவரும் சுவரில் மாட்டியிருந்த சங்கக் கொடியைப் பார்த்தோம். சத்தியம் செய்த கை எனக்குத் தன்னாலேயே மடங்கிக்கொண்டது. பவுலின் என்னைத்தான் கேட்டாள்: "அண்ணே, செய்யலாமா?"

"காவல் இன்னியோட முடிஞ்சிருச்சு பிள்ள. உடை" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினாள். நான் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தபோது முடிந்திருந்தது. உலகத்தில் யாராலும் உடைக்க முடியாத எங்கள் எண், ஒரு பிரம்மாண்டமான துண்டும் ஒன்பது சிறிய துண்டுகளுமாகத் திரையில் கிடந்தது. பிரம்மாண்டமானது நிஜமான பகா எண். மற்ற ஒன்பதும் ஒட்டவைத்துச் செய்த போலி. பேராசிரியர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு வேறு பயம் வந்தது. "அப்படின்னா அவங்க அன்னைக்கே திறந்துட்டாங்களா? முப்பது பேர் யார்னு தெரியுமா?"

"திறந்திருந்தா கிறுக்கல்னு ஏன் சொல்லப்போறாரு?" என்றாள் பவுலின். அவள் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். "அவங்க பத்துத் துண்டையும் வச்சுச் சரியாக் கணக்குப் போட்டாக. நாமளும் படியேறிச் சரியாத்தான் வந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே விடை. ஆனா சார் பூட்டினது அந்த விடையால இல்ல. போலியைப் பகா எண்ணுன்னு நம்பி, சார் குறுக்கு வழில போனாக. அது வேற எங்கயோ கொண்டுபோய் விட்டுருச்சு. பூட்டு இருக்குறது அங்க."

பேராசிரியர் நிமிர்ந்தார். ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது மட்டுமில்லம்மா. அந்தப் போலி, ரெண்டுங்கிற எண்ணை ஏமாத்தச் செஞ்சது. வழக்கம்போல ரெண்டுல தொடங்கியிருந்தா, என் தப்பான குறுக்கு வழியும் சரியான விடைக்கே வந்து சேர்ந்திருக்கும். அவங்க அதைத்தான் எதிர்பார்த்தாங்க. பூட்டின அன்னைக்கே திறந்திருப்பாங்க. அத்தனை பேரையும் அள்ளியிருப்பாங்க." பேனாவைக் கீழே வைத்தார். "4173-ஐ அது ஏமாத்தல. நீ அன்னைக்கு உங்க அண்ணன் நம்பரைக் கேட்டியே, அங்கதான் அவங்க வழி தவறிப்போச்சு."

 முப்பது பேரில் ஒருவன் நான். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. கோதண்டத்துக்கு வணக்கம் வைத்து, அவர் கண்ணெதிரே கிரேன் ஏறி இறங்கி, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெற்றவன். இத்தனை நாளும் எண்ணை நான் காவல் காத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன ஒருவன் என்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர்கள் இருவரும் காரணம் கேட்கவில்லை. பவுலினுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அவங்களுக்கு ஏன் தோணல? சார் தப்பாப் போட்டிருப்பாருன்னு?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டேன்.

"கணக்கு அவ்வளவு சுத்தமாப் போட்டிருக்காகல்ல அண்ணே. அதனால பெட்டியே பொய்யின்னு முடிவு பண்ணிட்டாக. சங்கம் சும்மா மிரட்டுதுன்னு. அதான் முதல் வரிசையில வந்து உக்கார தைரியம்."

"இப்ப என்ன செய்யணும்?"

"சார் செஞ்ச தப்பைத் திரும்பச் செய்யணும்" என்றாள். "அப்படியே, ஒண்ணும் திருத்தாம."

அதைத் தனியாகச் செய்ய அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கூட்டத்துக்கு முன்னால் தோற்றோமோ அதற்கு முன்னால்தான் திறக்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கூடியது. பழைய தோரணம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் மாற்றவில்லை. முதல் வரிசையில் கோதண்டத்தின் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய பழைய பேட்டியைத் தேடியெடுத்துக் கமிஷன் வக்கீல் ஏற்கெனவே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார் என்று அவருக்குச் செய்தி போயிருந்தது.

பேராசிரியர் தானே ஒலிபெருக்கிக்கு வந்தார். "தப்பு என்னோடது. உங்க கணக்குல ஒரு இலக்கம்கூடப் பிசகல. அதை எல்லாரும் கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார். கூட்டம் கை தட்டவில்லை. எழுந்து நின்றது.

பிறகு ஒன்பது துண்டுகளையும் பெருக்கி ஒரே எண்ணாக்கி, அது பகா எண் என்று இயந்திரத்துக்குப் பொய் சொன்னார். 4173-இலிருந்து குறுக்கு வழியில் போனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வந்த விடையைப் பவுலின் பூட்டில் கொடுத்தாள்.

கேள்விக்குறி வரவில்லை. திரையில் ஒரு பட்டியல் வந்தது: முப்பத்தொரு ஒலிப்பதிவுகள். முதலில் இருந்ததைப் பவுலின் தொட்டாள்.

ஆஸ்பத்திரியில் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம். மூச்சு இழுக்கும் சத்தம், வெகுநேரம். தெற்குத் தெருப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பவுலின் முகத்தில் துப்பியவளும் அவர்களில் இருந்தாள். பவுலின் மடியிலிருந்த பித்தளை டோக்கனை எடுத்து, எண் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். 

எங்கள் ஆலையில் வேலைக்கு வருகிறவன் காவலாளியிடம் முதலில் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பெயர். சாகக் கிடந்தவனும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"நாலு ஒண்ணு ஏழு மூணு" என்றது இன்னாசியின் குரல். "இன்னாசி பேசுதேன். வால்வு கெட்டுப்போச்சுன்னு மூணு தடவை சொன்னேன் சார்."